இம்பாக்ட் எழுத்துரு

இம்பாக்ட் என்பது தலைப்புகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் உரிய, தடித்த, ஒடுங்கிய இலத்தீன் எழுத்துரு ஆகும். எழுத்தின் முனைகளில் சிறு குறுக்குக் கோடுகள் இல்லாத 'சான்ஸ் செரிஃப்' வகையைச் சேர்ந்தது. இதனை வரைந்தவர் விளம்பரத் துறையில் பணியாற்றிய ஆங்கிலேயர் ஜெஃப்ரி லீ. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலிருந்த ஸ்டீபன்சன் பிளேக் என்னும் எழுத்து வார்ப்பகம் 1965இல் இதனை ஈய எழுத்தாக வெளியிட்டது.

இந்த வார்ப்பகத்திற்கு ஒரு பழைய தொடர்பும் உண்டு. அச்செழுத்தாக வெளிவந்த முதல் சான்ஸ் செரிஃப், 1816ஆம் ஆண்டளவில் நான்காம் வில்லியம் காஸ்லனின் வார்ப்பகத்து மாதிரி நூலில் இடம்பெற்றது. அதில் பேரெழுத்துகள் மட்டுமே இருந்தன. சில ஆண்டுகளில் அந்த வார்ப்பகத்தை வாங்கியவர்கள்தாம் பின்னர் ஸ்டீபன்சன் பிளேக் எனப் பெயர் பெற்றனர்.

ஈய அச்சில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டையின் மேல் புடைத்து நிற்கும். b, d போன்றவற்றின் மேல்கோட்டுக்கும் p, g போன்றவற்றின் கீழ்வாலுக்கும் அந்தக் கட்டையிலேயே இடம் விட வேண்டும். இதனால் a, e, o போன்ற எழுத்துகள் கட்டையின் நடுப்பகுதியோடு நின்றுவிடும். லீ மேல்கோட்டையும் கீழ்வாலையும் மிகவும் குறுக்கினார்; நடு எழுத்துகளை இயன்றவரை உயர்த்தினார். கோடுகளைத் தடிப்பாக்கி, உள்வெளிகளைச் சிறு பிளவுகளாக ஒடுக்கினார். குறிப்பிட்ட அளவு இடத்தில் எவ்வளவு மையை ஏற்ற முடியுமோ அவ்வளவையும் ஏற்றுவதே அவருடைய நோக்கம். வரிகளையும் நெருக்கி அடுக்கலாம். ஆனால் சிறிய அளவில் உள்வெளிகள் அடைபட்டுப் போகும். பத்தி பத்தியாகப் படிப்பதற்கு இது ஏற்றதன்று.

இத்தகைய தோற்றம் அக்காலத்து விளம்பரங்களில் விரும்பப்பட்டது. லெட்ராசெட் நிறுவனம் 1963இலேயே 'காம்பாக்டா' என்ற இதே போன்ற எழுத்தை வெளியிட்டிருந்தது. அதைத் தாளில் தேய்த்தே ஒட்டிவிடலாம். ஈயமும் வேண்டாம், அச்சுக்கோப்பவரும் வேண்டாம். ஒளி அச்சுக்கோப்பும் பரவிவந்தது. ஈயத்தின் இயல்பை இவ்வளவு நன்றாக அறிந்து வரைந்த எழுத்து, ஈயம் விடைபெறும் வேளையில்தான் வந்தது!

எனினும் அது அழியவில்லை. உரிமை மோனோடைப் நிறுவனத்திடம் சென்றது. கணினிக்கான வடிவம் உருவானது. 1996இல் மைக்ரோசாஃப்ட் இணையத்திற்கென இலவசமாக வழங்கத் தொடங்கிய எழுத்துருத் தொகுப்பில் ஏரியல், வெர்டானா ஆகியவற்றோடு இம்பாக்ட்டும் சேர்ந்தது. விண்டோஸ் கணினிகளிலும் உடன் வந்ததால், அதைத் தேடி வாங்க வேண்டிய தேவையே இல்லாமற்போனது.

2000களில் இணையத்து நகைச்சுவைப் படங்களான 'மீம்'களில் இது நிலைபெற்றது. கறுப்பு விளிம்பிட்ட வெள்ளை எழுத்துகள் படத்தின் மேலும் கீழும் அமைந்தன. பின்னணி வெளிறியிருந்தாலும் இருண்டிருந்தாலும் அவை தெளிவாகத் தெரிந்தன. ஆனால் மீம்களை உருவாக்கியோர் பெரும்பாலும் பேரெழுத்துகளையே பயன்படுத்தினர். உயர்ந்த நடு எழுத்து, குறுகிய வால் என லீ செய்த நுட்பமெல்லாம் சிற்றெழுத்துகளில்தான் உள்ளது.