வளர்ப்பு முயல்களில் தீராத படர்தாமரை: சிகிச்சையும் குடும்பத்தினர் பாதுகாப்பும்

படர்தாமரை என்பது தோல், முடி, நகம் ஆகியவற்றிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்டு வளரும் பூஞ்சைகளால் ஏற்படும் தொற்றாகும். முயல்களில் இது பெரும்பாலும் டிரைக்கோஃபைட்டான் மென்டாகுரோஃபைட்டிஸ் என்னும் பூஞ்சையால் உண்டாகிறது, மனிதருக்கும் பரவும். சிகிச்சைக்குப் பின்னரும் நோய் திரும்பினால், முயல், வீட்டிலுள்ளோர், கூண்டு ஆகிய மூன்றில் ஒன்று கவனிக்கப்படாமல் விடுபட்டிருக்கலாம்.

அறிகுறிகள்

மூக்கு, கண்ணிமை, காது, பாதம் ஆகிய இடங்களில் முடி உதிர்ந்து, செதிலும் பொருக்கும் காணப்படும். சில முயல்கள் எவ்வித அறிகுறியுமின்றிப் பூஞ்சையைச் சுமந்திருக்கும். நுண்ணிய உண்ணிகளால் வரும் சொறி நோயும் இதே தோற்றம் தருவதால், கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யலாகாது. கால்நடை மருத்துவர் முடியையும் தோல் சுரண்டலையும் நுண்ணோக்கியில் ஆய்வார். தேவையெனில் பூஞ்சை வளர்ப்புச் சோதனை செய்வார். அதன் முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம்.

முயலுக்கான சிகிச்சை

சிறு திட்டுகளுக்குப் பூஞ்சை எதிர்ப்புக் களிம்பு போதுமானதாக இருக்கலாம். பரவலான அல்லது திரும்பத் திரும்ப வரும் தொற்றுக்கு இட்ரகோனசோல், டெர்பினாஃபைன் போன்ற உள்மருந்துகள் பல வாரங்கள் தேவைப்படும். அளவை முயலின் எடைக்கேற்ப மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். சினை முயலாயின் முன்கூட்டியே தெரிவிக்கவும். முடி முளைத்துவிட்டது என்பதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது. தொற்று நீங்கியதை மருத்துவர் உறுதிசெய்த பின்னரே நிறுத்த வேண்டும். உடன் வளரும் முயல்களையும் பரிசோதிக்கச் செய்யவும்.

செய்யக் கூடாதவை

• ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவுதல். அரிப்பும் சிவப்பும் குறைந்தாலும் பூஞ்சை தொடர்ந்து பரவும்.
• நாய்களுக்கான ஃபிப்ரோனில் தெளிப்பு மருந்தைப் பயன்படுத்துதல். இது முயலுக்கு நச்சாகும்.
• முயலை நீரில் குளிப்பாட்டுதல். அதிர்ச்சியும் உடல் வெப்பக் குறைவும் ஏற்படலாம்.

கூண்டும் சுற்றுப்புறமும்

உதிர்ந்த முடியிலுள்ள பூஞ்சை வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிருடன் இருக்கக்கூடும். முயலை வேறிடத்திற்கு மாற்றி, முடியையும் அழுக்கையும் அகற்றிக் கழுவிய பின், நீர்த்த பிளீச்சிங் கரைசலைக் கூண்டில் பூசிப் பத்து நிமிடங்கள் ஊறவிட்டு, நன்கு அலசிக் காயவைக்கவும். பழைய சாக்கு, வைக்கோல் ஆகியவற்றை அப்புறப்படுத்தவும். மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட பகுதிகளில் கோடை வெப்பத்தைத் தணிக்க ஈரச் சாக்கு தொங்கவிடுவோர், முயலும் படுக்கையும் நனையாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்கிய முயலைச் சில வாரங்கள் தனியே வைக்கவும்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

கையுறை அணிந்து மருந்திடவும். பின்னர் சோப்பிட்டுக் கை கழுவவும். சிகிச்சை முடியும்வரை குழந்தைகள் முயலைத் தூக்கிக் கொஞ்சுவதைத் தவிர்க்கவும். வட்டமான, அரிக்கும் தடிப்பு தோன்றினால் தோல் மருத்துவரை அணுகி, வீட்டில் முயல் இருப்பதைக் கூறவும். குழந்தையின் தலையில் முடி கொட்டித் திட்டு ஏற்பட்டால் களிம்பு மட்டும் போதாது, உள்மருந்து தேவை.

மனிதரின் தீராத படர்தாமரைக்கு முயலே எப்போதும் காரணம் அன்று. 2020-இல் டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே எனப் பெயரிடப்பட்ட பூஞ்சை இந்தியாவில் பரவலாகக் காணப்படுகிறது. அது பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுகிறது. டெர்பினாஃபைனுக்குப் பல நேரங்களில் கட்டுப்படுவதில்லை. எனவே நோயுற்ற அனைவரும் ஒரே காலத்தில் சிகிச்சை பெற வேண்டும். துண்டு, உடை, படுக்கை விரிப்பு ஆகியவற்றைப் பகிரக் கூடாது. முறையான சிகிச்சையால் குணமாகும் நோய் என்பதால், முயலைக் கைவிடவோ வெளியே விட்டுவிடவோ தேவையில்லை.

உதவி பெற

முயலுக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையோ கால்நடை உதவி எண் 1962-ஐயோ அணுகலாம். மனிதருக்கான ஆலோசனைக்கு 104 என்னும் எண்ணை அழைக்கலாம். அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை அல்லது விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் செல்லலாம். இதுவரை பயன்படுத்திய மருந்துகளையும் களிம்புக் குழாய்களையும் உடன் எடுத்துச் செல்லவும்.