சயாம் இருப்புப்பாதையில் மறைந்த நம்மவரின் நாளும் இடமும்

நம் குலத்துக் குடும்பங்கள் பலவற்றில் கடல் கடந்து சென்று திரும்பாத ஒருவர் உண்டு. மலேயாவுக்குக் கூலியாட்கள் செல்வதை இந்திய சர்க்கார் 1938இல் நிறுத்துமுன், ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் பெயர் கொடுத்துக் கப்பலேறியவர் அவர். சில காலம் கடிதமும் மணியார்டரும் வந்தன. யுத்தம் மூண்டபின் சேதியில்லை. “சயாமுக்குப் போனார்” என்ற ஒரே வார்த்தையோடு அவர் சரித்திரம் முடிகின்றது. அவர் மாண்ட நாளும் இடமும் யாவை என வினவுவோர் நம் அங்கத்தினருள் இன்றும் உளராதலின், யாம் அறிந்தவற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பர்மாவிலிருந்த தம் சேனைக்குத் தளவாடம் அனுப்பும் பொருட்டு, ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் சயாமின் நொங் பிளாடுக் முதல் பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் பாதையை முடித்தனர். யுத்தக் கைதிகள் சுமார் 60,000 பேர் அதில் உழைத்தனர். 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ அவரினும் பன்மடங்கினர். மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் வலிந்து பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர் அவருட் பெருந்தொகையினர். மாண்ட ஆசியர் 90,000 வரை இருக்கலாமென்பர். இது மதிப்பேயன்றிக் கணக்கன்று.

கணக்கில்லாமைக்குக் காரணம் உண்டு. கைதிகளோடு அவர்தம் அதிகாரிகள் இருந்தனர். மாண்டவர் பெயரையும் புதைத்த இடத்தையும் மறைவாகக் குறித்துவைத்தனர். அக்குறிப்புகளின் உதவியால் யுத்தத்தின்பின் உடல்கள் திரட்டப்பட்டன. காஞ்சனபுரி மயானத்தில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் உள. கூலிகளின் முகாமிலோ குறிப்பெழுதுவாரில்லை. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது ஒரே குழியில் பலரை இட்டனர். அந்நகரத்துத் தாவோர்ன் வராராம் விகாரையில் அவர்தம் எலும்புகளின்மேல் ஒரு ஸ்தூபம் உளது. தமிழர்க்கென அங்கே நடுகல் நாட்டப்பட்டது 2023இல். எண்பது ஆண்டு கழித்து!

ஆகவே தேடுவோர், தம் உறவினர் சேனையிற் சேர்ந்தவரா, தோட்டத்திலிருந்து சென்றவரா என்பதை முதற்கண் தெளிக. சேனையினராயின் காரியம் எளிது. 1917இல் ஏற்பட்ட யுத்தக் கல்லறைக் கமிஷனின் பதிவேடு எவரும் பார்க்கத்தக்கது. இந்தியச் சிப்பாய் பலர்க்குத் தந்தை பெயர், கிராமம், தாலுகா ஆகியனவும் அதிற் காணும். ஆங்கில எழுத்தில் நம் பெயர்கள் பலவாறு சிதைந்திருக்குமாதலின் ஊர்ப்பெயரைக் கொண்டும் தேடுக. தகனம் செய்யப்பட்டோர்க்குக் கல்லறையிராது. பர்மாவில் மாண்டு கல்லறை அறியப்படாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் ரங்கூனை அடுத்த தௌக்யான் மண்டபத்திற் பொறிக்கப்பட்டுள்ளன.

தோட்டத்தினராயின் உள்ளூர் ஜனன மரணப் பதிவேட்டைப் புரட்டுவது வீண். நம் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி எவரும் அதிலிருந்து நகல் பெறலாமெனினும், அவ்வூரில் நிகழ்ந்த மரணமே அதில் ஏறும். வீட்டிலுள்ள பழம்பெட்டியைத் திறப்பதே மேல். கடித உறையிலும் மணியார்டர் துண்டிலும் தோட்டத்தின் பெயர் இருக்கும். மலேயாவில் விசாரிக்க அதுவே திறவுகோல்.

அடுத்தது திதி. உடன் சென்று பிழைத்தவர் எவரேனும் சேதி கொணர்ந்திருப்பின், வீட்டார் அத்திதியைப் பற்றியே ஆண்டுதோறும் பிதிர்க்கடன் செய்திருப்பர். சுபானு வருஷம் ஆனி மாதம் தேய்பிறைத் தசமி என்று ஒரு முதியவள் சொல்வாளாயின், அது 1943 ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரையிலான காலத்தில் ஒரு நாள். அவ்வாண்டுப் பஞ்சாங்கம் ஆங்கிலத் தேதியைக் காட்டிவிடும். எந்தச் சர்க்கார் ஏட்டிலும் இல்லாத மரணப் பதிவு அது. அக்காலத்துச் சிறுவரும் இன்று எண்பது கடந்தவராதலின், கேட்டெழுதுவதில் தாமதம் ஆகாது.

ஆனால் மகாளய அமாவாசையிலோ ஆடி அமாவாசையிலோ மட்டும் திதி கொடுத்துவரும் குடும்பத்தார், அதனை இறந்த நாளென்று வம்சாவளியில் எழுதிவிடலாகாது. நாள் தெரியாதார்க்கென முன்னோர் வகுத்த நாட்கள் அவை. அவ்விடத்தில் “சயாம், நாள் அறியப்படவில்லை” என்றெழுதி, சேதி சொன்னவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பக்கத்திற் குறித்துவைப்பதே முறை.