ஒபைத் சித்திக்கி

ஒபைத் சித்திக்கி (1932–2013) இந்தியாவில் மூலக்கூற்று உயிரியலுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். உத்தரப் பிரதேசத்தின் பஸ்தியில் பிறந்து அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்தார். கிளாஸ்கோவில் குய்தோ பொன்டெகோர்வோவிடம் பூஞ்சை மரபியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

அடுத்து பென்சில்வேனியாவில் ஆலன் காரனோடு ஈ. கோலை பாக்டீரியாவை ஆராய்ந்தார். ஒரு மரபணு பிறழ்ந்ததால் விளைந்த குறையை, வேறொரு மரபணுவின் பிறழ்வு சரிக்கட்டுவதை இருவரும் கண்டனர். புரத உற்பத்தியை நிறுத்தச் சொல்லும் குறிகள் மரபுக் குறியீட்டில் உண்டு என்ற தெளிவுக்கு இந்த ஆய்வு வழிகோலியது.

இயற்பியலாளர் லியோ சிலார்டு இவரைப் பற்றி ஹோமி பாபாவிடம் சொல்ல, 1962இல் பம்பாய் கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். இயற்பியலும் கணிதமும் கோலோச்சிய இடம் அது. அங்கே ஒரு புதிய துறையையே முப்பது வயதுக்காரரை நம்பி ஒப்படைத்தார் பாபா. இன்றைய தேர்வுக் குழுக்கள் இதற்குத் துணியுமா என்பது சந்தேகமே.

பாக்டீரியா ஆய்வில் பெயர் பெற்ற பின், 1970களில் அதை விட்டு நரம்பு மண்டலத்துக்குத் தாவினார். இவருடைய வாழ்க்கையின் முக்கியத் திருப்பம் இதுவே. கலிபோர்னியாவில் சீமோர் பென்சருடன், சூடேற்றினால் முடங்கி விழும் பழ ஈக்களை ஆராய்ந்தார். குளிர்வித்தால் அவை மீளும். நரம்பின் எந்த வேலை கெடுவதால் இப்படி நேர்கிறது என்பதை மின்பதிவுகளால் ஆராய்ந்த கட்டுரை 1976இல் வெளிவந்தது. இவர்கள் கண்டெடுத்த ‘கோமட்டோஸ்’ மரபணு எந்தப் புரதத்துக்கு உரியது என்று 1995இல்தான் தெரிந்தது: நரம்பு முனைகளிலிருந்து வேதித் தூதுப் பொருள்கள் வெளிப்படுவதற்கு அந்தப் புரதம் இன்றியமையாதது.

கென்யாவில் பிறந்து டப்ளினில் படித்த வெரோனிகா ரோட்ரிக்ஸ், சித்திக்கியின் கட்டுரையைப் படித்துவிட்டு பம்பாய்க்கு வந்து மாணவியானார். சுவையோ மணமோ சரிவர அறியாத ஈக்களை இருவரும் பிரித்தெடுத்தனர். புலனுணர்வின் மரபணு அடிப்படையை ஆராய அவை கருவியாயின.

பட்நாகர் பரிசு (1976), பத்ம பூஷண், லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி (இரண்டும் 1984), பத்ம விபூஷண் (2006) ஆகியவை இவருக்குக் கிடைத்த சிறப்புகள்.

கொலாபாத் துறையின் நீட்சியாக, பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை நிறுவி அதன் முதல் இயக்குநரானார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற கே. விஜயராகவனும் டாட்டா நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்றவரே. பதவி விட்ட பிறகும் ஈக்களின் மோப்ப ஆய்வைக் கைவிடாத சித்திக்கி, பெங்களூரில் நேர்ந்த சாலை விபத்தில் காயமுற்று 2013 ஜூலை 26இல் காலமானார்.