காதலுக்குக் கட்சி உண்டா?

காதலுக்குக் கண் இல்லை என்பார்கள். சாதி இல்லை, மதம் இல்லை என்று மேடை போட்டும் பேசுவோம். கட்சி? இதைப் பற்றி மட்டும் யாரும் பட்டிமன்றம் வைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் தேர்தல் வந்துவிட்டால் நம் நண்பர் வட்டத்திலேயே எத்தனை ஜோடிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். "ஆள் நல்லவன்தான், ஆனா அந்தக் கட்சியாம்... யோசிச்சுக்கோ" என்கிற அறிவுரை விடுதி அறைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.

இதெல்லாம் கைப்பேசியும் இணையமும் வந்த பிறகு பிடித்த நோய் என்று நினைக்கிறீர்களா? இல்லை நண்பர்களே. நம் தாத்தா பாட்டி காலத்திலேயே இது நடந்திருக்கிறது. இந்தக் கட்டுரையில் இரண்டு தம்பதிகளின் கதையைச் சொல்லப் போகிறேன். இரண்டிலும் கணவர் ஒரு பக்கம், மனைவி இன்னொரு பக்கம். ஒரு மணவாழ்க்கை முறிந்தது. இன்னொன்று கடைசி வரை நிலைத்தது. ஏன் என்பதுதான் என் கேள்வி.

அமைச்சரும் அமைச்சரும்

முதல் கதை கேரளத்தில். கே. ஆர். கௌரியம்மா 1919-இல் சேர்த்தலை அருகே பட்டணக்காட்டில், ஈழவர் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்திலேயே சட்டம் படித்தவர். தொழிற்சங்கத்தில் இருந்த அண்ணன் மூலமாகக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தார். டி. வி. தாமஸ் 1910-இல் பிறந்தவர், கிறிஸ்தவர், ஆலப்புழை கயிற்றுத் தொழிலாளர்களின் தலைவர். 1946-இல் புன்னப்புரா-வயலார் எழுச்சியில் ரத்தம் சிந்திய மண் அது. போராட்டம், தலைமறைவு, சிறை என்று இருந்த அந்தக் கட்சி வாழ்க்கையில்தான் இருவரும் நெருங்கினார்கள்.

1957 ஏப்ரல் 5-ஆம் தேதி ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கேரளத்தின் முதல் அமைச்சரவை பதவியேற்றது. பதினோரு பேர். அதில் ஒரே பெண் கௌரியம்மா, வருவாய்த்துறை. தாமஸுக்குத் தொழிலாளர் துறை. பதவியேற்று ஆறே நாளில், குத்தகை விவசாயிகளை நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் வந்தது. அதே 1957-இல் இந்த இரண்டு அமைச்சர்களும் திருமணம் செய்துகொண்டார்கள். மணமகளுக்கு நாற்பதை நெருங்கும் வயது, மணமகனுக்கு அதையும் தாண்டிய வயது. மதம் வேறு, சாதி வேறு. எதுவும் தடையாகவில்லை. சொல்லப்போனால் அவர்களுக்குச் சாதி, மதம், சொந்தபந்தம் எல்லாமே கட்சிதான்.

அந்தக் கட்சி உடைந்தால்?

உடைந்தது. 1962-இல் சீனாவுடன் போர். சோவியத்துக்கும் சீனாவுக்கும் இடையே சண்டை. காங்கிரஸை எதிர்ப்பதா, அதோடு சேர்ந்து போவதா என்ற வாதம். 1964 ஏப்ரலில் டெல்லியில் நடந்த தேசியக் கவுன்சில் கூட்டத்திலிருந்து 32 பேர் வெளிநடப்புச் செய்தார்கள் (நம் ஊர் பி. ராமமூர்த்தியும் என். சங்கரய்யாவும் அவர்களில் உண்டு). அந்த ஆண்டு முடிவதற்குள் மார்க்சிஸ்ட் கட்சி பிறந்துவிட்டது. கௌரியம்மா மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனார். தாமஸ் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிலேயே இருந்துவிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருவருக்கும் கொள்கையில் அப்படி என்ன தூரம்? இருவருமே மார்க்சியவாதிகள். இருவருமே நிலச் சீர்திருத்தம் வேண்டும் என்றவர்கள். வெளியாள் ஒருவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் கேரளத்துத் தெருக்களில் நிலைமை வேறு. ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைத் "திரிபுவாதிகள்" என்றார்கள். அவர்கள் இவர்களைச் "சீன ஆதரவாளர்கள்" என்றார்கள். 1964 இறுதியில் மார்க்சிஸ்ட் தலைவர்கள் கூட்டம் கூட்டமாகக் கைது செய்யப்பட்டார்கள். 1965 தேர்தலில் இரண்டு கட்சிகளும் எதிரெதிராக நின்றன. மார்க்சிஸ்ட் கட்சிக்கு 40 இடம், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வெறும் 3. நேற்று வரை ஒரே பாயில் படுத்துத் தலைமறைவாக இருந்தவர்கள் இன்று ஒருவரையொருவர் துரோகி என்கிறார்கள். அந்தச் சூழ்நிலையில், துரோகி என்று உங்கள் கட்சி சொல்லும் ஆளுக்கு நீங்கள் இரவில் சோறு போட வேண்டும்!

1967-இல் இரண்டு கட்சிகளும் ஏழு கட்சிக் கூட்டணியில் மறுபடி சேர்ந்தன. கௌரியம்மா மீண்டும் வருவாய்த்துறை, தாமஸ் தொழில்துறை. கணவனும் மனைவியும் ஒரே அமைச்சரவையில், ஆனால் வேறு வேறு கட்சியின் ஆட்களாக. கூட்டணிக் கட்சிகள் ஒன்றின் மீது ஒன்று ஊழல் புகார் சொல்லிச் சண்டையிட்டதில் அந்த ஆட்சி 1969-இல் கவிழ்ந்தது. கேரளத்தை ஒருமுறை சேர்க்கத் தெரிந்த கூட்டணிக்கு இவர்களைச் சேர்க்கத் தெரியவில்லை. இருவரும் தனித்தனியாகவே வாழ்ந்தார்கள்.

அதன் பிறகு தாமஸ், அச்சுத மேனன் அமைச்சரவையில் தொழில் அமைச்சர். கௌரியம்மா எதிர்க்கட்சி வரிசையில். 1977 மார்ச் மாதம் தாமஸ் இறந்தார். கௌரியம்மா வேறு திருமணம் செய்துகொள்ளவில்லை. 1994-இல் அவர் யாருக்காக எல்லாவற்றையும் விட்டாரோ அந்த மார்க்சிஸ்ட் கட்சியே அவரை வெளியேற்றியது. தனிக்கட்சி கண்டார். 2021 மே மாதம் 101 வயதில் இறந்தபோது ஆலப்புழை வலிய சுடுகாட்டில் அவருக்கு இறுதிச் சடங்கு நடந்தது. தாமஸின் நினைவிடம் இருப்பதும் அங்கேதான்.

இவர்கள் கதையைத் தழுவியது என்று சொல்லப்படும் மலையாளப் படம் ஒன்றும் உண்டு. 1990-இல் வந்த 'லால் சலாம்'.

இன்னொரு வீடு

இரண்டாவது கதைக்கு வடக்கே போகலாம். ஆச்சார்ய ஜே. பி. கிருபளானி 1888-இல் பிறந்தவர், காந்தியின் நெருங்கிய சீடர். சுசேதா 1908-இல் பிறந்தவர். இருபது வயது வித்தியாசம். இவர்கள் திருமணத்துக்குக் காந்தியே சம்மதிக்கவில்லை. இருந்தும் 1936-இல் மணந்துகொண்டார்கள்.

நாடு விடுதலையடைந்தபோது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் கிருபளானி. 1951-இல் நேருவோடு ஒத்துப்போகாமல் வெளியேறி கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியைத் தொடங்கினார். சுசேதாவும் கூடவே போனார். 1952 தேர்தலில் அந்தக் கட்சி சார்பில்தான் புது டெல்லியில் வென்றார். ஆனால் பிறகு அவர் காங்கிரஸுக்குத் திரும்பிவிட்டார். 1957-இல் அதே புது டெல்லியில் காங்கிரஸ் வேட்பாளராக வென்றார். கணவர் திரும்பவில்லை.

உச்சம் 1963-இல். அந்த ஆகஸ்டில் நேரு அரசின் மீது நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் அது. கொண்டுவந்தவர் கிருபளானி! 62-க்கு 347 என்று தோற்றது. அதே ஆண்டு காமராஜர் திட்டத்தின்படி உத்தரப் பிரதேச முதல்வர் சி. பி. குப்தா பதவி விலகினார். அக்டோபர் 2-ஆம் தேதி அந்த நாற்காலியில் காங்கிரஸ் முதல்வராக உட்கார்ந்தவர் சுசேதா கிருபளானி. இந்தியாவின் முதல் பெண் முதல்வர்.

நினைத்துப் பாருங்கள். ஆகஸ்டில் காங்கிரஸ் ஆட்சி ஒழிய வேண்டும் என்கிறார் கணவர். அக்டோபரில் அதே காங்கிரஸின் முதலமைச்சர் மனைவி. கௌரியம்மாவுக்கும் தாமஸுக்கும் இருந்ததைவிட இது எவ்வளவு பெரிய பிளவு! ஆனால் இந்த வீடு உடையவில்லை. 1974 டிசம்பரில் சுசேதா இறக்கும் வரை அவர்கள் கணவன் மனைவியாகவே இருந்தார்கள்.

அப்படியென்றால் எது பிரிக்கிறது?

கருத்து வேறுபாடுதான் பிரிக்கிறது என்றால் கிருபளானி தம்பதிதான் பிரிந்திருக்க வேண்டும். கருத்து ஒற்றுமைதான் சேர்த்து வைக்கிறது என்றால் ஆலப்புழைத் தம்பதிதான் சேர்ந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ்.

ஒரு மணவாழ்க்கை முறிவதற்கு ஒரே ஒரு காரணம் இருக்காது என்பது எனக்கும் தெரியும். குணம், கோபம், தனிமை எல்லாம் சேரும். ஆனால் வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். எவ்வளவு தூரம் கருத்து வேறுபடுகிறது என்பது பெரிய விஷயம் இல்லை. அந்த வேறுபாட்டைத் துரோகம் என்று பெயர் வைக்க யாருக்கு உரிமை இருக்கிறது என்பதே விஷயம்.

கிருபளானி தனி மனிதர். எந்தக் கட்சியும் அவரை முழுதாகக் கட்டிப்போட முடிந்ததில்லை. மனைவி காங்கிரஸுக்குத் திரும்பியபோது அவரிடம் வந்து "நீ அவளோடு ஏன் இருக்கிறாய்?" என்று கணக்குக் கேட்க ஆள் இல்லை. திருமணத்துக்கு முன்பே காந்தியின் சொல்லையும் மீறியவர்கள் அவர்கள். தங்கள் வீட்டு விஷயத்தில் வெளியார் தீர்ப்பு செல்லாது என்று 1936-இலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

கௌரியம்மாவுக்கும் தாமஸுக்கும் அப்படி இல்லை. அவர்கள் காதலித்ததே கட்சிக்குள். நண்பர்கள், உறவினர்கள், வேலை, தியாகம் எல்லாம் அங்கேதான். கட்சி அவர்களுக்கு வீட்டின் கூரை மாதிரி. கூரை இரண்டாகப் பிளந்தபோது இருவரும் ஆளுக்கொரு பாதியின் கீழ் நின்றார்கள். நடுவில் வெட்டவெளி.

இதில் கொடுமை என்ன தெரியுமா? கௌரியம்மா வருவாய் அமைச்சராக இருந்து 1969-இல் நிறைவேற்றிய நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1970 ஜனவரி 1-இல், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் அச்சுத மேனன் முதல்வராக இருந்தபோது. அவர் கட்சி எழுதியது, கணவரின் கட்சி அமல்படுத்தியது. நிலம் கிடைத்த குடியானவனுக்கு இரண்டுமே சிவப்புக் கொடிதான். சட்டம் யாருடையது என்று இரண்டு கட்சிகளும் இன்னும் சண்டை போடுகின்றன.

எனவே அரசியல் பேசும் காதலர்களுக்கு என் சிறு ஆலோசனை. எதிராளி யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் கட்சியோ, தலைவரோ, நண்பர் குழுவோ நாளைக்கு "இவளை விட்டுவிடு" என்று சொன்னால் என்ன செய்வார் என்று கேளுங்கள். அதே கேள்வியை உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்கு இருவரும் வேறு வேறு பதில் சொன்னாலும் பிழைத்துக்கொள்ளலாம். இரண்டாவது கேள்விக்குத் தயங்கினால்தான் ஆபத்து.

உங்களுக்குத் தெரிந்த வேறு கதை இருந்தால் சொல்லுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.