திருப்பி அனுப்பிய கோப்பு



2022 ஜூலை 25 அன்று திரௌபதி முர்மு குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது நம் வட்டாரத்தில் இரண்டு குரல்கள் எழுந்தன. ராஷ்டிரபதி பவனில் முதல் ஆதிவாசி என்று மகிழ்ந்தோர் உண்டு. ஆளுங்கட்சி வைத்த பொம்மை என்று ஒதுக்கியோரும் உண்டு. அவர் கையில் அதிகாரம் இருந்தபோது என்ன நடந்தது என்று இரு தரப்பும் அதிகம் பார்க்கவில்லை. அதைப் பார்க்க டெல்லிக்குப் போவதைவிட ராஞ்சிக்குப் போவது நல்லது.

அவர் 1958இல் ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்து உபர்பேடா கிராமத்தில் பிறந்தவர்; சந்தால் இனத்தவர். வீட்டில் வைத்த பெயர் வேறு. திரௌபதி என்பது பள்ளி ஆசிரியர் வைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பள்ளிப் பதிவேடு நம் பிள்ளைகளின் பெயர்களை என்ன செய்தது என்று அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மகாஸ்வேதா தேவியின் கதையில் வரும் சந்தால் பெண்ணும் திரௌபதிதான். அவள் மக்களின் வாயில் அந்தப் பெயர் தோப்தி ஆகிவிடுகிறது.

ஒடிசா நீர்ப்பாசன, மின் துறையில் இளநிலை உதவியாளர், பிறகு ராய்ரங்பூரில் பள்ளி ஆசிரியை, 1997இல் அவ்வூர் நகரப் பஞ்சாயத்து உறுப்பினர். 2000இலும் 2004இலும் பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினர், இடையில் இணையமைச்சர். 2006 ஜனவரி 2 அன்று கலிங்கநகரில் எஃகு ஆலைக்காக நிலம் எடுப்பதை எதிர்த்த ஆதிவாசிகள் பத்துப் பேருக்கு மேல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்டபோது மாநிலத்தை ஆண்டது பிஜு ஜனதா தளம் - பா.ஜ.க. கூட்டணி. அவர் அந்த ஆளும் தரப்பில்தான் இருந்தார். இதை விட்டுவிட்டு அவர் வரலாற்றை எழுத முடியாது.

2015 மே மாதம் ஜார்க்கண்ட் ஆளுநரானார். அங்கே ஆதிவாசி நிலத்துக்கு இரண்டு வேலிகள் உண்டு: 1908இன் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம், 1949இன் சந்தால் பர்கனா குத்தகைச் சட்டம். முதலாவது, பிர்சா முண்டாவின் கிளர்ச்சி வெள்ளைக்காரனிடமிருந்து பிடுங்கியது. இரண்டாவதன் வேர் 1855 சந்தால் எழுச்சியில் இருக்கிறது. அதற்குத் தலைமையேற்ற சித்து, கானு சகோதரர்களின் குலப்பெயரும் முர்முதான்.

2016இல் ரகுவர் தாஸின் பா.ஜ.க. அரசு இவ்விரு சட்டங்களையும் திருத்தியது. விவசாய நிலத்தை விவசாயமல்லாத பயன்பாட்டுக்கு மாற்றலாம் என்பதே சாரம். உரிமை ஆதிவாசியிடமே இருக்கும் என்றார்கள். பயிர் போன நிலத்தில் உரிமை எத்தனை நாள் நிற்கும்? ஆதிவாசிகள் தெருவில் இறங்கினார்கள். ஆளுநர் மாளிகைக்கு மனுக்கள் குவிந்தன. 2017 மே மாதம் முர்மு அந்த மசோதாக்களில் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். இதனால் ஆதிவாசிகளுக்கு என்ன நன்மை என்பதே அவர் அரசிடம் கேட்ட கேள்வி. அரசு பின்வாங்கியது. தன் கட்சியின் அரசு அனுப்பிய கோப்பைத் தன் கட்சி நியமித்த ஆளுநர் திருப்பினார். கீழே தெரு கொதித்ததால்தான் மேலே பேனா நின்றது என்பது என் கணிப்பு. ஆனாலும் நின்ற பேனா அவருடையது.

அதே ஆட்சியில்தான் குந்தி மாவட்டத்தில் கல் நட்டு அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையை எழுதி வைத்த பத்தல்கடி இயக்கத்தார் மீது தேசத்துரோக வழக்குகள் பாய்ந்தன. ஆதிவாசிப் பகுதிக்கு ஒரு சட்டம் பொருந்தாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை ஆளுநருக்குத் தருவது அந்த ஐந்தாம் அட்டவணைதான். மாணவர்கள் அதன் ஐந்தாவது பத்தியைப் படியுங்கள்; ஆளுநர்கள் அநேகமாகத் தொடாத பத்தி அது.

குடியரசுத் தலைவரின் இருக்கை உயரம், பிடி குறைவு. அங்கும் இடம் உண்டு என்று காட்டியவர் கே.ஆர். நாராயணன்: 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொன்ன அமைச்சரவைப் பரிந்துரையைத் திருப்பி அனுப்பினார். முர்முவும் 2022 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்ற விழாவில் எழுதிவைத்த உரையை விட்டு, சிறையில் கிடக்கும் ஏழைகளைப் பற்றிப் பேசினார். சில நாட்களில் நீதிமன்றம், ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாத கைதிகளின் விவரம் கேட்டது.

2023 ஆகஸ்டில் வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா அவர் மேசைக்கு வந்தது. காடு போகும், கிராமசபையின் சொல் போகும் என்று ஆதிவாசி அமைப்புகள் எதிர்த்த மசோதா. அதில் கையெழுத்து விழுந்தது.