தோள்மூட்டு நழுவலின் படிம அறிக்கை: பெயரிலிருந்து அளவுக்கு

தோள்மூட்டு முன்பக்கமாக ஒருமுறை நழுவிய இளைஞருக்கு அது மறுபடியும் நழுவும் வாய்ப்பு அதிகம். மூட்டுக்குழியின் விளிம்பிலும் மேற்கை எலும்பின் தலையிலும் ஏற்படும் சேதம் இதற்கு ஒரு முதன்மைக் காரணம். கிழிந்த விளிம்பைத் தைத்தால் போதுமா, எலும்புத் துண்டு வைத்துக் குழியை நிரப்ப வேண்டுமா என்ற முடிவு பெரிதும் அந்தச் சேதத்தின் அளவைப் பொறுத்தது. அளவை எழுத்தில் சொல்வது கதிரியக்க மருத்துவரின் அறிக்கை. ஆளுக்கொரு விதமாக எழுதப்பட்டுவந்த அந்த அறிக்கை பொது வடிவத்தை நோக்கி எப்படி நகர்ந்தது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். எலும்பு இழப்பு ஓர் எண்ணாகி, அந்த எண் அறுவையின் போக்கை மாற்றத் தொடங்கிய பிறகே சீர்மைக்கான தேவை உண்மையில் எழுந்தது என்று கருதுகிறேன்.

தொடக்கத்தில் பெயர்களே இருந்தன. ஜெர்மனியின் பெர்த்தெஸ் 1906இலும், லண்டனின் பாங்கார்ட் 1923இலும் பிறகு 1938இலும், குழியின் முன்விளிம்பிலிருந்து லேப்ரம் என்னும் நார்க்குருத்தெலும்பு வளையம் பிய்ந்துபோவதை எழுதினர். இவை அறுவை மேசையில் கண்டவை. படத்தில் கண்டு எழுதியவர்கள் வேறு. ஸ்வீடனின் ஹெர்மோட்சன் 1934இல் எலும்புத் தலையின் பின்புறப் பள்ளத்தை எக்ஸ்ரேயில் விரிவாக ஆராய்ந்தார். 1940இல் சான் பிரான்சிஸ்கோவின் கதிரியக்க மருத்துவர்கள் ஹில், சாக்ஸ் இருவரும் அதே பள்ளத்தைப் பற்றி எழுதிய கட்டுரை, அது அடிக்கடி கண்ணில் படாமல் போகிறது என்பதைத் தலைப்பிலேயே சொன்னது. காரணம் எளிது. கையை உள்பக்கம் திருப்பிப் படமெடுத்தால் பள்ளம் தெரியும். வெளிப்பக்கம் திருப்பினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஆகவே முதலில் சீரானது நோயாளியைக் கிடத்தும் முறைதான். அறிக்கையின் சொற்கள் அல்ல. 1959இல் ஸ்ட்ரைக்கர் நிலை, 1972இல் வெஸ்ட் பாயிண்ட் நிலை, 1976இல் பிரான்சின் பெர்னாஜோ நிலை, 1984இல் கார்த் நிலை என ஒவ்வொன்றாக வந்தன. வெஸ்ட் பாயிண்ட் நிலையில் நோயாளி குப்புறப் படுப்பார். கை மேசையோரமாகத் தொங்கும். கதிர் அக்குளை நோக்கி, கீழாகவும் உள்ளாகவும் 25 பாகை சாய்ந்து பாயும். அப்போதுதான் குழியின் முன்கீழ் விளிம்பு மறைப்பின்றி விழும். கோணம் பிசகினால் உடைந்த விளிம்பும் முழு விளிம்பாகத் தோன்றலாம். இவ்வளவு கண்டிப்பு படமெடுப்பதில் இருந்தும், அறிக்கையில் 'சிறிய சேதம்', 'பெரிய சேதம்' என்ற சொற்களே தொடர்ந்தன.

மூட்டுக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. பரவிய 1990களில் பெயர்கள் பெருகின. லேப்ரம் குழியின் கழுத்தில் சரிந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும் அல்ப்சாவை நெவியாசர் 1993இல் விவரித்தார். தசைநார் மேற்கை எலும்பின் பக்கம் பிய்ந்துபோகும் ஹாகல் 1995இல் இலக்கியத்தில் நிலைபெற்றது. அறுவை மருத்துவர் எங்கே தேட வேண்டும் என்று சொல்வதால் இப்பெயர்கள் பயனுள்ளவை. ஆனால் எவ்வளவு எலும்பு போயிற்று என்பதற்கு இவற்றில் விடையில்லை. மார்பகப் படிமத்துக்கு அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி பைராட்ஸ் என்ற பொது அறிக்கை முறையை வெளியிட்டதும் அதே 1993இல்தான். தோளுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்ற நெருக்கடி அப்போது பிறக்கவில்லை.

நெருக்கடி 2000இல் வந்தது. பர்க்கார்ட்டும் டி பீரும் நுண்துளை வழியே பாங்கார்ட் தையல் போட்ட 194 நோயாளிகளின் விளைவுகளை வெளியிட்டனர். பெரிய எலும்பு இழப்பு இல்லாத 173 பேரில் 7 பேருக்கு, அதாவது 4% பேருக்கு, தோள் மீண்டும் நழுவியது. இழப்பு இருந்த 21 பேரில் 14 பேருக்கு, அதாவது 67% பேருக்கு, அது நேர்ந்தது. இந்த இடைவெளிக்குப் பிறகு 'எலும்பு இழப்பு உள்ளது' என்று எழுதி நிறுத்துவது நோயாளிக்குச் செய்யும் குறை. எனினும் அவர்கள் தந்த அடையாளம் 'தலைகீழ் பேரிக்காய்' என்ற வடிவப் பெயர். அதை ஸ்கேனில் எப்படி அளப்பது?

அதே ஆண்டு ஜப்பானின் இட்டோய் குழு, சடலத் தோள்களில் விளிம்பைப் படிப்படியாக வெட்டிச் சோதித்து, குழியின் நீளத்தில் 21% அளவுக்கு விளிம்பு இழந்தால் தையலுக்குப் பின்னும் உறுதி குறையும் என்று காட்டியது. இங்கே கவனிக்க வேண்டியது வகுக்கும் எண். அவர்கள் நீளத்தால் வகுத்தனர். அகலத்தால் வகுத்தால் அதே இழப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகும். 2003இல் சுகாயா, முப்பரிமாண சி.டி.யில் மேற்கை எலும்பின் தலையை நீக்கிவிட்டுக் குழியை நேர்முகமாகக் காட்டினார். அவர் பார்த்த 100 தோள்களில் 90இல் விளிம்பு இயல்பாக இல்லை. குழியின் கீழ்ப்பாதி வட்டத்தை ஒத்திருப்பதால், அதன்மேல் வட்டம் வரைந்து விடுபட்ட பகுதியை அளக்கும் வழக்கம் வேரூன்றியது.

அந்த வட்டத்திலேயே இரண்டு கணக்குகள் உண்டு. நேர்கோடாகத் தேய்ந்த விளிம்பில் விட்டம் 20% குறைந்தால், பரப்பளவில் இழப்பு சுமார் 14% மட்டுமே. இரண்டும் சரி, இரண்டும் ஒரே தோள். ஆனால் முறையைச் சொல்லாமல் '14%' என்று மட்டும் எழுதினால், படிக்கும் மருத்துவர் அதை விட்டக் கணக்காக எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க இராணுவத்தினரிடையே நடந்த 2015ஆம் ஆண்டு ஆய்வில் ஷாகா குழு 13.5% இழப்பையே கவலைக்குரிய எல்லையாக வைத்ததால், இந்தக் குழப்பம் இன்று முன்னிலும் ஆபத்தானது.

எக்ஸ்ரேயைப் புள்ளிகளாக மாற்றிய முயற்சியும் நடந்தது. பால்க், புவாலோ இருவரும் 2007இல் வெளியிட்ட ஐசிஸ் மதிப்பெண்ணில் மொத்தம் 10 புள்ளிகள். அவற்றில் 4 எக்ஸ்ரேயிலிருந்து வருபவை. 6க்கு மேல் போனால் நுண்துளைத் தையலைவிட, எலும்புத் துண்டு வைக்கும் லாடார்ஜே அறுவையே நல்லது என்றனர்.

அதே 2007இல் யமமோட்டோ குழு, கையை உயர்த்தும்போது எலும்புத் தலைமேல் குழி நகரும் பாதையை அளந்தது. அதன் அகலம் குழியின் அகலத்தில் 84%. உயிருள்ளவர்களிடம் பின்னர் அளந்தபோது 83%. இதைக் கொண்டு 2014இல் டி ஜகோமோ, இட்டோய், பர்க்கார்ட் மூவரும் ஒரு கணக்கை முன்வைத்தனர்: குழியின் முழு அகலத்தில் 83% எடுத்து, இழந்த எலும்பின் அகலத்தைக் கழிக்க வேண்டும். தலையிலுள்ள பள்ளத்தின் இடைவெளி, அதாவது தசைநார் பற்றிடத்திலிருந்து பள்ளத்தின் உள்விளிம்பு வரையுள்ள அகலம், அதைத் தாண்டினால் பள்ளம் பாதைக்கு வெளியே. தையல் மட்டும் போதாது.

ஓர் எடுத்துக்காட்டு. குழி 28 மில்லிமீட்டர், இழப்பு 4 மில்லிமீட்டர் என்றால் பாதை 19.2 மில்லிமீட்டர். பள்ளத்தின் இடைவெளி 21 மில்லிமீட்டராக இருந்தால் அது வெளியே. இழப்பை 2 மில்லிமீட்டர் என்று அளந்திருந்தால் பாதை 21.2 ஆகும், பள்ளம் உள்ளே. இரண்டு மில்லிமீட்டரில் அறுவையே மாறுகிறது. இந்த இடத்தில்தான் அறிக்கையைச் சீராக்குவது எழுத்துநடைப் பிரச்சினையாக இல்லாமல் சிகிச்சையின் பகுதியாகிறது.

வட அமெரிக்கக் கதிரியக்கச் சங்கம் 2008 முதல் கட்டமைந்த அறிக்கை மாதிரிகளை உருவாக்கிவருகிறது. ஐரோப்பியக் கதிரியக்கச் சங்கம் 2018இல் அவற்றை வலியுறுத்தியது. தோள்மூட்டின் முன்பக்க நழுவல் குறித்து 14 நாடுகளின் 65 தோள் அறுவை மருத்துவர்கள் பங்கேற்ற, சுற்றுச்சுற்றாகக் கருத்துக் கேட்கும் டெல்ஃபி முறையிலான ஒருமித்த கருத்து 2022இல் அச்சானது. அறிக்கையை எழுதும் கதிரியக்க மருத்துவர்களுக்கும் இத்தகைய அவைகளில் சம இடம் வேண்டும். பைராட்ஸ் போல உலகெங்கும் வேரூன்றிய வடிவம் தோளுக்கு இன்னும் அமையவில்லை.

படிவம் இருந்தால் போதும் என்று நான் நினைக்கவில்லை. 'எலும்பு இழப்பு: ___%' என்று கட்டம் போட்டு, அளந்த முறையைக் கேட்காத படிவம் பழைய 'சிறிய சேதம்' என்ற சொல்லைவிட மோசமானது, அது துல்லியம்போலத் தோன்றி ஏமாற்றும். எனவே அறிக்கை எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள்: இழப்பை மில்லிமீட்டரிலும் விழுக்காட்டிலும் எழுதுங்கள். விட்டமா பரப்பளவா, வட்டம் எப்படி வரையப்பட்டது, மறுபக்கத் தோளோடு ஒப்பிட்டீர்களா என்பதையும், பள்ளம் பாதைக்கு உள்ளா வெளியா என்பதையும் குறிப்பிடுங்கள். இவை நான்கு வரிக்கு மேல் போகாது.