உச்சி வெயிலும் பதின்ம வயதுப் பிள்ளைகளும்: குடும்பங்கள் அறிய வேண்டியவை

சிவகங்கை மாவட்டத்தின் ஒக்கூரும் அதைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களும் வெயிலுக்குப் பழகிய ஊர்கள். தடித்த சுவர், உயர்ந்த கூரை, நடுவில் வளவு என்று இங்குள்ள பழைய வீடுகள் வெப்பத்தைத் தள்ளி நிறுத்தும்படி கட்டப்பட்டவை. ஆனால் நம் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே இருப்பதில்லை. பொட்டலில் கிரிக்கெட், கண்மாயில் குளியல், பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பு, சைக்கிளில் டியூஷன் என்று 13 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்கள்தாம் வெட்டவெளியில் அதிக நேரம் இருக்கிறார்கள். தொப்பியோ குடையோ கொண்டு போகச் சொன்னால் முதலில் மறுப்பவர்களும் அவர்களே. ஏன் பாதுகாப்பு தேவை, எதை எப்படிச் செய்வது, பிள்ளைகளை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வெயிலில் இரண்டு ஆபத்துகள்

வெயிலின் பாதிப்பு இரு வகையானது. ஒன்று வெப்பம். நீரிழப்பு, மயக்கம், அதன் உச்சமாக உயிரையே பறிக்கும் வெப்பவாதம் ஆகியவை இதனால் வருபவை. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். தோல் கருத்துத் திட்டுத் திட்டாவது, சீக்கிரம் சுருங்குவது, கண்ணில் சதை வளர்வது, பிற்காலத்தில் கண்புரை வருவது ஆகியவற்றில் இதற்குப் பங்கு உண்டு.

நம் தோலில் உள்ள மெலனின் நிறமி ஓரளவு இயற்கைப் பாதுகாப்பு தருகிறது. அதனால் வெள்ளையர்களைவிட நமக்குத் தோல் புற்றுநோய் மிகக் குறைவு. ஆனால் அந்த நிறமி வெப்பவாதத்தைத் தடுக்காது. கண்ணையும் காக்காது. ‘கருப்புத் தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சு பாதி உண்மைதான்.

வெப்பம் எவ்வளவு கொடியது என்பதற்கு 2024 ஹஜ்ஜை நாம் மறக்க முடியாது. மக்காவில் வெப்பம் 51 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்து, நிழலும் ஓய்வும் இல்லாமல் நெடுந்தூரம் வெயிலில் நடந்தவர்கள் என்றும் கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு.

எந்த நேரம் ஆபத்து?

உலக சுகாதார நிறுவனம் புற ஊதாக் கதிரின் வலுவை ஒரு குறியீட்டால் சொல்கிறது. 2 வரை குறைவு. 3 முதல் பாதுகாப்பு தேவை. 8 முதல் 10 வரை மிக அதிகம். 11-ம் அதற்கு மேலும் கடுமை. கைபேசியில் உள்ள வானிலைச் செயலிகள் பலவற்றில் இந்த எண்ணைப் பார்க்கலாம். நம் பகுதியில் மேகமில்லாத கோடைப் பகலில் இது 11-ஐத் தாண்டுவது வழக்கம்.

சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டுக்கு இரு முறை: ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும். கத்திரி முடிந்துவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும் ஆகஸ்டிலும், பள்ளி விளையாட்டுப் பயிற்சி நடக்கும் வேளையிலும், கதிர் கடுமையாகவே இருக்கும்.

கைபேசி இல்லாமலும் நேரத்தை அறியலாம். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் வலுவாக உள்ளது என்று பொருள். தொழுகை நேரத்தை நிழலால் கணிக்கும் நம் வீடுகளுக்கு இது எளிதில் புரியும். உச்சி நேர நிழலை நீக்கிவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தை எட்டும்போது ஷாஃபிஈ மத்ஹபில் அஸர் தொடங்குகிறது. ஹனஃபி மத்ஹபில் நிழல் இரு மடங்காக வேண்டும். அதாவது ஷாஃபிஈ அஸர் வேளையில் கதிரின் கடுமை குறையத் தொடங்குகிறது. ஹனஃபி அஸர் வேளையில் நன்றாகவே தணிந்துவிடுகிறது. ‘அஸருக்குப் பிறகு விளையாடு’ என்று நம் பெரியவர்கள் சொல்வது இன்றைய அறிவியலோடு ஒத்துப்போகிறது. கடும் வெப்பத்தில் ளுஹரைச் சற்றுத் தாமதித்துத் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருப்பதும் நாம் அறிந்ததே.

வளைகுடாவில் வேலை செய்யும் அத்தாமார்கள் இதைப் பிள்ளைகளுக்கு நேரடியாகவே எடுத்துச் சொல்லலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கச் சட்டமே தடை விதிக்கிறது. உழைத்துப் பழகிய உடலுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், வளரும் பிள்ளைகளுக்கு எவ்வளவு தேவை?

முதலில் நிழலும் துணியும்

பாதுகாப்பு என்றதும் கிரீம்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் நிழலும் துணியும் முதலில், கிரீம் அதன் பிறகு. நிழலையும் வெப்பத்திலிருந்து காக்கும் ஆடையையும் அல்லாஹ்வின் அருட்கொடைகளாக அந்நஹ்ல் அத்தியாயம் குறிப்பிடுகிறது.

நெருக்கமாக நெய்த, தளர்வான, முழுக்கைப் பருத்தி ஆடை நல்லது. தொழுகைத் தொப்பி நெற்றி, காது, பிடரி எதையும் மறைக்காது. ஆடுகளத்துக்குச் சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி வேண்டும். கிரிக்கெட் வீரர்கள் அணிவதும் அதுதான். கிடைக்காவிட்டால் தலையையும் பிடரியையும் மூடும் ஈரத் துண்டு போதும்.

பர்தா அணியும் பெண் பிள்ளைகளுக்குக் கதிரிலிருந்து நல்ல பாதுகாப்பு உண்டு. ஆனால் கருப்புச் செயற்கை இழைத் துணி சூட்டைத் தேக்கும். கோடைக்கு வெளிர் நிறத்தில், காற்றோட்டமான துணியில் தைத்துக்கொள்ளலாம். குடையும் தண்ணீர்ப் புட்டியும் பையில் இருக்கட்டும். எப்போதும் மூடியே இருப்பவர்களுக்கு வைட்டமின் டி குறையக்கூடும். உடல்வலி, சோர்வு தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டிச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சன்ஸ்கிரீனும் ஒளுவும்

எஸ்பிஎஃப் 30 உள்ளதும், ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்று அச்சிட்டதுமான சன்ஸ்கிரீன் போதும். எஸ்பிஎஃப் 15 ஏறக்குறைய 93 சதவீதமும், 30 ஏறக்குறைய 97 சதவீதமும் கதிரைத் தடுக்கின்றன. அதற்கு மேல் விலை கூடும் அளவுக்குப் பலன் கூடுவதில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கி, வெளியே போக 15 நிமிடம் முன்பே பூச வேண்டும். 2 மணி நேரத்துக்கு ஒரு முறையும், வியர்த்துக் கொட்டினாலும், குளித்தாலும் மறுபடி பூச வேண்டும்.

ஒளு செய்துவிட்டுப் பூசுவது எளிய வழி. அடுத்த ஒளுவுக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால் தண்ணீர் தோலில் படுமா என்ற ஐயம் வராது. மற்ற விளக்கங்களை ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சிவப்பழகு கிரீம் பாதுகாப்பு அல்ல

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வெயிலில் கருத்துவிட்டோம் என்ற கவலையில் பல பிள்ளைகள் சிவப்பழகு கிரீம்களைத் தேடுகிறார்கள். ஸ்டீராய்டு கலந்த கிரீம்களை விருப்பம்போல் பூசினால் தோல் மெலிந்து, வெயில் பட்டதும் எரிந்து சிவக்கும். மருந்துச் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பாதரசம் கலந்தவை இன்னும் கொடியவை. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் பகுதியில் சிவப்பழகு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். தயாரிப்பாளர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இல்லாத கிரீம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும், யார் பரிசாகக் கொடுத்தாலும் வேண்டாம். ‘கருத்துப் போவாய்’ என்று பெண் பிள்ளைகளை வெயிலைக் காட்டிப் பயமுறுத்துவதையும் நாம் நிறுத்த வேண்டும். அந்தப் பேச்சுதான் அவர்களை இந்தக் கிரீம்களின் பக்கம் தள்ளுகிறது. நாம் காக்க வேண்டியது அவர்களின் உடல்நலத்தை.

பிள்ளைகளைச் சம்மதிக்க வைக்க

ஆஸ்திரேலியாவில் 1981-ல் சட்டை, சன்ஸ்கிரீன், தொப்பி மூன்றையும் வலியுறுத்தி ஒரு பெரிய பிரசாரம் தொடங்கியது. ‘தொப்பி இல்லையேல் விளையாட்டு இல்லை’ என்ற விதி அங்குள்ள தொடக்கப் பள்ளிகளில் பரவியது. எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யாரும் கேலிக்கு ஆளாவதில்லை. இதை நாமும் செய்யலாம்.

* குழுவுக்குச் சொல்லுங்கள். தனியாக ஒரு பையனைக் குடை பிடிக்கச் சொன்னால் கூச்சப்படுவான். அணி முழுதும் தொப்பி அணிந்தால் அது சீருடையாகிவிடும்.
* 40 வயதில் வரும் நோயைவிட, நாளைய ஆட்டத்தில் தலைவலி இல்லாமல் ஓட முடியும் என்பதே அவர்களுக்குப் பெரிது. அதைச் சொல்லுங்கள்.
* தொப்பி, கண்ணாடி, ஆடையை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.
* அத்தாவும் அம்மாவும் குடை பிடித்து நடந்தால் பிள்ளைகளும் பிடிப்பார்கள்.
* 2025-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் மணி அறிமுகமானது. மதரஸா வகுப்புகளிலும் கோடைக்கால முகாம்களிலும் அதைப் பின்பற்றலாம்.

பொது இடங்களில் நிழல் கொடுப்பது பெரியவர்களின் பொறுப்பு. ஈத்கா திடல், பள்ளிவாசல் வளாகம், பேருந்து நிறுத்தம் ஆகிய இடங்களில் வேம்பும் புங்கையும் நட ஜமாஅத்தும் ஊராட்சியும் சேர்ந்து முயலலாம். கோடையில் விளையாட்டுப் போட்டிகளைக் காலை 9 மணிக்குள் அல்லது அஸருக்குப் பின் வைக்கலாம்.

மயங்கி விழுந்தால்

நிழலுக்குத் தூக்கிச் செல்லுங்கள். ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். பொட்டலம் இல்லையெனில் 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி. பிதற்றல், வலிப்பு, நினைவிழப்பு இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடலைக் குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். நோன்பு நாளாக இருந்தாலும் உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை முறித்து நீர் அருந்த மார்க்கத்தில் அனுமதி உண்டு என்பதையும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.